ஐந்தாவது ஆமை

இருபத்தாறு மணி நேரத்தில் நான்கு ஆமைகள்.

ஜெபசெல்வி நோட்டை இன்னொரு முறை பார்த்தாள். நான்கு குப்பங்கள், கரைக்கு ஒன்றாக நான்கு பங்குனி ஆமைகள், நான்கும் செத்தவை. ஐந்தானால் இந்தக் கடலோரம் முழுக்கப் பத்து நாள் படகு இறங்கக் கூடாது. ஆமை கிடக்கும் ஊரில் அதிகாரிகள் வந்து வலைகளைப் பிரித்துப் பார்ப்பார்கள்.

விலங்கியல் படித்துவிட்டு மீஞ்சூரில் எட்டு மாதம் சும்மா இருந்தவளுக்குக் கிடைத்த முதல் வேலை இது. பழவேற்காடு முகத்துவாரம் வரை கடலோரமாக நடக்க வேண்டும். ஒதுங்கிய ஆமைகளை எண்ண வேண்டும். எண்ணியதன் ஓட்டில் சிவப்புப் பெயின்ட்டால் கோடு போட வேண்டும்.

"இன்னாம்மா எழுதிக்கினே கீற? குந்து, டீ வருது," என்றார் நான்காவது குப்பத்துச் சின்னப்பன். கடலுக்கு முதுகு காட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்.

"வேணாம்ணே..."

"அந்தக் குப்பத்துல மட்டும் சோறு துன்னியாமே? எங்க டீ ஆவாதா?"

உண்மைதான். முதல் ஊரில் டீ. இரண்டாவதில் டீ வேண்டாம் என்றாள், இளநீர் வந்தது. மூன்றாவதில் பசியில்லை என்றாள். சோறும் இறால் குழம்பும் வந்தன, பிறகு படுக்கப் பாயும் வந்தது. ஒரே ஆளிடம் இரண்டு முறை 'வேண்டாம்' சொல்ல அவளுக்கு வராது.

உட்கார்ந்தாள். இவ்வளவு நல்லவர்களின் அடுப்பையா அணைக்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே டீயைக் குடித்தாள்.

போன் அடித்தது. ஆபீஸிலிருந்து ஜெகதீஸ்வரன் சார்.

"எத்தனைம்மா?"

"நாலு சார்."

"இன்னும் ஒண்ணு வந்தா உடனே சொல்லு. நாளைக்கே ஆர்டர் போட்டுடலாம்."

இன்னொன்று ஒதுங்குவதற்குள் நடையை முடித்துவிட வேண்டும். ஈர மணலில் ஓட்டமும் நடையுமாகப் போனாள். நண்டுகள் வளைகளுக்குள் ஓடின. ஆலாப் பறவைகள் கூட்டமாக எழுந்து, அவள் கடந்ததும் அதே இடத்தில் இறங்கின.

கடைசிக் குப்பத்தின் கரையில் செம்பருந்துகள் வட்டமடித்தன.

ஆமை கிடந்தது. நாற்றம் முந்தையதைவிட அதிகம். ஓட்டில் அதே இளஞ்சிவப்பு. முதல் ஆமையில் அது இல்லை; இரண்டாவதில் லேசாக இருந்தது; ஒவ்வொன்றிலும் கூடிக்கொண்டே வந்தது. 'புது வகைப் பாசியா? பரவுகிறதா?' என்று எழுதிவிட்டுப் போனை எடுத்தாள்.

ஏரியில் கையால் தடவி இறால் பிடித்துவிட்டு வந்த சரோஜா, கழுத்தில் தொங்கிய பறிக்கூடையோடு அருகில் வந்து நின்றாள். அவள் பின்னால் ஊரே வந்தது.

"யாருக்கும்மா போனு?"

"ஆபீஸுக்குக்கா. இது அஞ்சாவது."

"அஞ்சுன்னா?"

"பத்து நாள் யாரும் கடலுக்குப் போகக் கூடாது." அவள் கண்கள் நிறைந்தன. "மன்னிச்சிடுங்கக்கா. பொய் எழுத எனக்கு வராது."

சரோஜா வடக்கே பார்த்தாள். முகத்துவாரம். தண்ணீர்தான், அதற்கு அப்பால் ஊர் இல்லை.

"டீ குடிக்கிறியாம்மா?" என்றார் கூட்டத்தில் ஒருவர், பழக்கத்தில்.

"சும்மா கெட நைனா! இனிமே எங்க தூக்கினு போவ?" என்று சீறினாள் சரோஜா. பிறகு குனிந்து, ஆமை ஓட்டைக் கட்டைவிரலால் தேய்த்து முகர்ந்தாள்.

"மண்ணெண்ணெ. நாலு ஊருக்காரனுங்க தேச்சும் உன் பெயின்ட்டு முழுசாப் போவல பாரு."

ஜெபசெல்வி நோட்டையும் ஓட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆனா... எல்லா ஊர்லயும் எனக்கு டீ குடுத்தாங்களே?"

"பின்ன, நீ அந்தாண்ட திரும்பி குந்தினாத்தானே தூக்க முடியும்?" என்றாள் சரோஜா. "நல்லா எழுதிக்க. ஆமை ஒண்ணுதாம்மா. ஊருதான் அஞ்சு."