இன்ஸ்பெக்டர் மாமா

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் எத்தனை கம்பெனி உண்டோ, அத்தனையின் கேட்டிலும் ஒரு தடவையாவது நின்று, "உள்ள இன்னா செய்றீங்க?" என்று கேட்ட ஒரே மனிதர் என் மாமனார்தான். மண்ணூரில் அவருக்குப் பெயர் இன்ஸ்பெக்டர். போலீசுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, நெல் பயிரிட்டவர். எதையும் தன் கண்ணால் பார்க்காமல் நம்ப மாட்டார், அவ்வளவுதான். கல்யாண வீட்டில் சமையல்கட்டைச் சுற்றிப் பார்த்த பிறகுதான் பந்தியில் உட்காருவார். டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னால், "மொதல்ல உன் கையக் காட்டு, கழுவினியா?" என்பார்.

எங்கள் மாடியில் தூத்துக்குடிக்காரர்கள் நாலு பேர் குடிவந்தார்கள். கம்பெனி வேலை. முதல் ஞாயிற்றுக்கிழமை என் மாமியார் கீழேயிருந்து, "தம்பிங்களா, இன்ஸ்பெக்டர் மேல வராரு!" என்று குரல் கொடுத்தார்.

"எலேய், போலீஸ் வருதாம்ல!" என்று ஒருவர் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார்.

மாமா போனது குழாய் சொட்டுகிறதா என்று பார்க்க. தொட்டிக்குப் பின்னால் ஆளைப் பார்த்ததும், "இன்னா தப்பு பண்ண?" என்றார்.

"ஒண்ணும் பண்ணல அய்யா."

"அப்புறம் இன்னாத்துக்கு ஒளிஞ்சிகினு கீற? வா, டீ குடி."

செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட மழையில், டிவி சொன்னதை நம்பாமல் மாமா குடையோடு ஏரியைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். பாதி வழியில் ஒரு கான்ஸ்டபிள் மறித்து, "யாருய்யா நீ?" என்று கேட்டிருக்கிறார். "இன்ஸ்பெக்டர்" என்று சொல்லியிருக்கிறார் மாமா. முழங்கால் வரை தூக்கிக் கட்டிய வேட்டியைப் பார்த்தும், அந்தக் குரலைக் கேட்டு கான்ஸ்டபிள் சல்யூட் அடித்துவிட்டார். மாமாவும் திருப்பி அடித்துவிட்டு வீடு வந்தார். எண்பதைத் தாண்டியிருந்த வயது.

இதெல்லாம் பிறகு நடந்தவை. கல்யாணமாகி இரண்டாம் வருஷம் நான் வேலைக்குப் போக வேண்டும் என்றேன். டிப்ளமோ முடித்தவள் நான். ஒரகடத்தில் மொபைல் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் கணவர் சுவரைப் பார்த்தார். மாமியார், "நம்ம வூட்டுப் பொம்பளைங்க ஷிப்டுக்குப் போறதா? அங்க இன்னா நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்?" என்று தட்டை நங்கென்று வைத்தார். மாமா மட்டும் வாயைத் திறக்கவில்லை. அன்றிரவு நான் அழுதுகொண்டே படுத்தேன். வேலை கிடைக்காததைவிட, மாமாவும் பேசாமல் இருந்ததுதான் வலித்தது.

மறுநாள் காலையில் மாமாவைக் காணோம்.

விடிந்ததும் கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். யாரோ ஒரு பெண்ணின் அப்பா என்று டிரைவர் விட்டுவிட்டார். கேட்டில் செக்யூரிட்டி கேட்டதற்கு, "இன்ஸ்பெக்‌ஷன்" என்றிருக்கிறார். அன்றைக்கென்று சென்னையிலிருந்து ஆடிட்டுக்கு ஆட்கள் வருவதாக இருந்தது. எச்.ஆர். அதிகாரி ஓடிவந்து, "வாங்க சார், வாங்க சார்" என்று தலையில் ஹெல்மெட் மாட்டி, வேட்டிக்குக் கீழே பெரிய ஷூ போடவைத்து, லைன் லைனாகக் கூட்டிப்போயிருக்கிறார். பதினோரு மணிக்கு நிஜ ஆடிட்டர்கள் காரில் வந்து இறங்கியபோது மாமா கேன்டீனில் இரண்டாம் தடவை பொங்கல் வாங்கிக்கொண்டிருந்தார்.

"சார், அப்போ நீங்க யாரு?"

"மாமனாரு. என் மருமவ இங்க வரலாமான்னு பாக்க வந்தேன். நீ தட்டுல கைய வெக்காத, சாப்டு முடிச்சுக்கறேன்."

சாயங்காலம் வந்தவர் நடு வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"சாம்பார்ல உப்பு கம்மி. பொண்ணுங்க நின்னுகினே வேல செய்யுதுங்க, கால் வலிக்கும். பாத்ரூம் சுத்தமா கீதான்னு நாலு பொண்ணுங்கள நிறுத்திக் கேட்டேன், சுத்தம்னுச்சுங்க. சூப்பர்வைசர் திட்றான், ஆனா ஆம்பளைங்களயும் திட்றான். பஸ்ல பின் சீட்டு தூக்கிப் போடுது, நீ முன்னால உக்காரு. போம்மா."

மாமியார் எழுந்து நின்றார். "நான் வேணான்றேன்."

"நீ போய்ப் பாத்தியா?"

"இல்ல."

"நான் பாத்தேன்."

அதோடு பேச்சு முடிந்தது. இன்று அதே லைனுக்கு நான் சூப்பர்வைசர். ஆண், பெண் பாகுபாடு பார்க்காமல்தான் திட்டுகிறேன்.

தொண்ணூறு வயதில் அவருக்குப் பார்வை போய்விட்டது. ஒரு மாதம் படுத்தே கிடந்தார். அப்புறம் ஒருநாள் ஷிப்டு முடிந்து வந்த என்னைக் கூப்பிட்டார்.

"ரோட்ல மேம்பாலம் கட்றாங்களாமே. எதுவரைக்கும் வந்துகீது?"

"நாலு தூண் நிக்குது மாமா."

"உள்ள கம்பி ஒழுங்கா கட்டிகீறானா?"

"இறங்கிப் பாத்துட்டு வந்து நாளைக்குச் சொல்றேன்."

"சரி. நீ பாத்தா போதும்" என்றார்.

அதன்பிறகு மூன்று வருஷம் தினமும் அவருக்கு ஊரைப் பார்த்துவந்து சொன்னேன். போன ஆவணியில், மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிந்து வேலைக்குப் போனபோது விடுப்புப் படிவம் கொடுத்தார்கள். இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு என்று அதில் ஒரு கட்டம். மாமனார் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை 'அப்பா' என்று எழுதிவிட்டது. நான் அதை அடிக்கவில்லை.