பானை இல்லாமல் ஆற்றுக்கு

“பானை எங்கே?” என்று கேட்டாள் ருபியேலா.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. மூலைக்கடை இரும்புக் கதவைப் பாதி தூக்கியபடியே அவள் நின்றுவிட்டாள். எதிரே எவெலியோ. தோளில் ஒரு துண்டு, காகிதப்பையில் இரண்டு பாலாடைக்கட்டி ரொட்டி. வேறு ஒன்றும் இல்லை.

“பானை எடுத்துக்கலை, அக்கா.”

“ஆத்துக்குப் போறேன்னு சொன்னீங்களே?”

“ஆமா, ஆத்துக்குத்தான்.”

“யாரு யாரு?”

“நான் மட்டும்தான்.”

ருபியேலா கையை விட்டாள். கதவு தடதடவென்று இறங்கி மூடிக்கொண்டது. அதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் பான்சே ஆற்றுக்கு யாரும் தனியாகப் போனதே கிடையாது. ஆற்றுக்குப் போவது என்றால் தெருவே போவது. ஆள் உட்காரும் அளவுக்கு ஓர் அலுமினியப் பானை, இரண்டு நாட்டுக்கோழி, வாழைக்காய், மரவள்ளிக்கிழங்கு, விறகு, பாட்டுப்பெட்டி, மாமியார். கரையில் மூன்று கல்லைக் கூட்டி, சங்கோச்சோ என்கிற கோழிச்சாறு கொதிக்க வைத்து, அது வேகும்வரை சண்டை போட்டு, வெந்ததும் சமாதானமாகிக் குடித்துவிட்டு வருவோம். பானை இல்லாத மனுஷனுக்கு ஆற்றில் என்ன வேலை?

எவெலியோவுக்கு வேலை இருந்தது. அவர் நோட்டரி அலுவலகத்தில் கைரேகை எடுப்பவர். வருகிறவரின் வலது ஆள்காட்டி விரலைப் பிடிப்பார், மையில் அமுக்குவார், பத்திரத்தில் உருட்டுவார், துடைக்கத் துணி கொடுப்பார், “அடுத்து” என்பார். பத்தொன்பது வருஷமாக இதேதான். போன வெள்ளிக்கிழமை ஒரு வீட்டுப் பத்திரத்தில் வாங்குகிறவரின் விரலுக்குப் பதிலாகத் தன் விரலையே உருட்டிவிட்டார். கண்டுபிடிக்கும்வரை அரைமணி நேரம் அவருக்கு ஒரு மாடி வீடு சொந்தமாக இருந்தது.

அன்றைக்குத்தான் யாரோ விட்டுப்போன போகோட்டாப் பத்திரிகை ஒன்று கண்ணில் பட்டது. தினசரிச் சலிப்பை உடைக்க வாரம் ஒரு சின்ன சாகசம் செய்யுங்கள் என்று எழுதியிருந்தது. மலை ஏற வேண்டாம், கடல் தாண்டவும் வேண்டாம். பக்கத்து ஆற்றுக்குப் போய் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து காலை நனையுங்கள். தனியாகப் போங்கள். கைப்பேசியையும் கடிகாரத்தையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். யாரோடும் பேசாதீர்கள்.

படித்ததும் எவெலியோ அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒரே ஒரு ஞாயிறு, ஒரே ஒரு கல். அது கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை முதல் விரலை எப்படிப் பிடிப்பது என்று அவருக்கே தெரியவில்லை. அந்த அளவுக்கு வெறுத்துப்போயிருந்தார் மனுஷர்.

“தம்பி, வீட்ல ஏதாவது சண்டையா?” ருபியேலாவின் குரல் இறங்கியிருந்தது.

“சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. கொஞ்சம் நிம்மதியா இருக்கலாம்னு பார்த்தேன்.”

“நிம்மதியாவா?”

“பத்தொன்பது வருஷம் ஆச்சு. போதும்னு தோணுச்சு. எல்லாத்தையும் விட்டுட்டு...”

அவள் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டதைப் பார்த்த பிறகுதான், தான் பேசுவது எப்படிக் கேட்கிறது என்று எவெலியோவுக்கு உறைத்தது. அவசரமாகச் சரி செய்யப் பார்த்தார்.

“ஐயோ, அப்படி இல்லக்கா! நான் சந்தோஷமாத்தான் போறேன். பாருங்க, சிரிக்கிறேன்.”

“அதைப் பார்த்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு. என் சின்ன மாமாவும் கடைசியில இப்படித்தான் சிரிச்சார்.”

ருபியேலா தெருவை இப்படியும் அப்படியும் பார்த்தாள். பஸ் நிறுத்தத்தில் அனிபால் நின்றிருந்தார். எவெலியோ குடியிருக்கும் கட்டடத்தில் கீழ்த்தளத்துக்காரர். வீடு வீடாக எரிவாயு மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் பாலீஷ் போட்ட காலணியுமாக, ஒரு சின்னப் பையோடு நின்றார். அதிர்ந்து பேசாத ஆள். அவர் வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்பதே கட்டடத்தில் பாதிப்பேருக்குத் தெரியாது.

“அனிபால் அண்ணே! எந்த பஸ்ஸுக்கு நிக்கிறீங்க?”

“பான்சே பஸ்...”

“கடவுளாப் பார்த்து அனுப்பியிருக்கார். இங்க வாங்க.” அவர் காதில் என்னமோ கிசுகிசுத்தாள். பிறகு எவெலியோவின் சட்டைக் கையை எடுத்து அனிபாலின் கையில் திணித்தாள். “இதை விடக்கூடாது. கண்ணை எடுக்கக்கூடாது. நான் போய் இவர் பொண்டாட்டி ஒமைராவை எழுப்பிட்டு வர்றேன்.”

“நானா?” என்றார் அனிபால்.

“வேற யாரு? உங்களுக்கு இன்னிக்கு வேற வேலை இருக்கா என்ன?”

அனிபால் கொஞ்சம் யோசித்தார். “இல்ல,” என்றார்.

எவெலியோ வாயைத் திறப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. ஒமைரா எழுந்து வருவதற்குள் ஏறிவிடுவதே புத்திசாலித்தனம் என்று தாவி ஏறினார். சட்டைக் கையோடு அனிபாலும் ஏறினார்.

பஸ்ஸில் ஒவ்வொரு மடியிலும் ஒரு பானை. ஓட்டுநர் இவர்களை மேலும் கீழும் பார்த்தார். “ரெண்டு பேர்ட்டயும் பானை இல்லையா?”

“பின்னால வருது,” என்றார் அனிபால்.

கடைசி இருக்கையில் உட்கார்ந்ததும் எவெலியோ பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். “அண்ணே, கையை விடுங்க. நான் ஒண்ணும் பண்ணிக்க மாட்டேன்.”

“பண்ணிக்காம இருக்கறதுக்கு என்ன காரணம் வச்சிருக்கீங்க?”

இந்த மாதிரி ஒரு கேள்வியை எவெலியோவிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. உருப்படியாக நாலு காரணம் சொன்னால் ஆள் கழன்றுகொள்வார் என்று நினைத்தார்.

“பொண்டாட்டி இருக்கா.”

“சரி. அப்புறம்?”

“வேலை இருக்கு.”

“பிடிச்ச வேலையா?”

“பிடிச்ச வேலையா! விரலைப் பார்த்தாலே குமட்டுது. ஆனா நாளைக்கு நாப்பது பேர் விரலை நீட்டிக்கிட்டு வந்து நிப்பாங்களே.”

“நீங்க இல்லேன்னா வேற ஆள் உருட்டிட்டுப் போறான்.”

“உருட்டுவான். கோணலா உருட்டுவான்!” என்று எவெலியோ ரோஷமாகச் சொன்னார்.

அனிபால் இதை மனதுக்குள் நிறுத்துப் பார்த்தார். “அதுவும் சரிதான். அப்புறம்?”

எவெலியோவுக்குச் சரக்குத் தீர்ந்துவிட்டது. நாற்பத்தாறு வயதில் மூன்றாவது காரணத்துக்கு ஜன்னல் வழியாகத் தேட வேண்டியிருக்கிறதே என்று நொந்துகொண்டார். “காலையில காப்பி,” என்றார் ஒருவழியாக.

“காப்பி,” என்று அனிபால் தலையாட்டினார். “அப்புறம்?”

பான்சே போய்ச் சேர்வதற்குள் வாழ்வதற்கு ஒன்பது காரணம் சொல்ல வேண்டியதாயிற்று. அதில் நான்கு பொய், மூன்று தின்கிற சாமான். அனிபால் ஒன்றையும் தட்டிக்கழிக்காமல் கேட்டுக்கொண்டாரே தவிர, சட்டையை விடவில்லை.

ஆறு அழகாகத்தான் இருந்தது. கரை ஓரத்திலிருந்து நாலடி தள்ளி, தட்டையாக ஒரு கல் கிடந்தது. எவெலியோ அதில் உட்கார்ந்து காலை நனைத்தார். ஜில்லென்று உச்சிவரை ஏறியது. அனிபால் காலணியைக் கழற்றிக் கரையில் ஜோடியாக வைத்து, அதன்மேல் பையை வைத்துவிட்டு வந்து ஒட்டி உட்கார்ந்தார். பேசவில்லை. சரி, இந்த மட்டுக்கும் விட்டாரே என்று எவெலியோ கண்ணை மூடினார். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. எங்கோ ஒரு பறவை கூவியது.

அந்த நிம்மதி ஏழு நிமிஷம் இருந்திருக்கும்.

“அதோ! உயிரோடதான் இருக்கான்!”

மச்சான் தாரியோவின் லாரி வந்து நின்றது. பின்னால் தெருவே ஏறி வந்திருந்தது. நடுவில் பானை, பானைக்குள் கோழி, விறகுக்கட்டின்மேல் மாமியார் சொய்லா. ஒமைரா லாரி நிற்பதற்கு முன்பே குதித்து ஓடிவந்தாள்.

“பாவி மனுஷா! நான் என்னய்யா குறை வச்சேன் உனக்கு?”

“ஒமைரா, நான் சும்மா...”

“கைப்பேசியை வச்சிட்டு, கடிகாரத்தை வச்சிட்டு, கல்யாண மோதிரத்தையும் கழட்டி வச்சிட்டு...”

“தண்ணியில நழுவிடுமேன்னு...”

“சீட்டு வேற! ‘தேட வேண்டாம், எனக்குச் சாப்பாடு வைக்க வேண்டாம்.’ அதுக்கும் மேல தூங்கிட்டிருந்தவளுக்கு நெத்தியில முத்தம்! பன்னெண்டு வருஷமா இல்லாத முத்தம் இன்னிக்கு எங்கேருந்துய்யா வந்துச்சு? அப்பவே முழிச்சிருக்கணும் நான்!”

விளக்கம் சொல்லலாம் என்று எவெலியோ கல்லின்மேல் எழுந்து நின்றார். அதுதான் வினை. பாசி வழுக்கி, முழங்கால் அளவு தண்ணீரில் தொபீரென்று விழுந்தார்.

“குதிச்சுட்டான்!” என்று கரை முழுக்க அலறியது. தாரியோ பாய்ந்தான். பக்கத்துப் பானைக்காரர்கள் நான்கு பேர், முன்பின் தெரியாதவர்கள், அவர்களும் பாய்ந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் அனிபால்தான் இஸ்திரிச் சட்டையோடு இறங்கி, கழுத்துப்பட்டையைப் பிடித்து எவெலியோவை இழுத்து நிறுத்தினார். கை தட்டினார்கள். ருபியேலா அழுதேவிட்டாள்.

பத்திரிகைப் பக்கத்தைக் காட்டினாலாவது நம்புவார்கள் என்று எவெலியோ சட்டைப்பைக்குள் கை விட்டார். கூழாகி வந்தது.

“பத்திரிகையில போட்டிருந்துச்சுக்கா. ஒரு சின்ன சாகசம்னு...”

“இதையெல்லாமா பத்திரிகையில போடறானுங்க!” என்று ருபியேலா கொதித்தாள்.

சிரித்துப் பார்த்தார், அழுதார்கள். கத்திப் பார்த்தார், “கத்தட்டும், உள்ள அடைச்சு வச்சது வெளியில வரட்டும்” என்று முதுகைத் தடவினார்கள். பேசாமல் உட்கார்ந்தார், “பேச்சே நின்னுபோச்சே” என்று பதறினார்கள். மரவள்ளிக்கிழங்கு நறுக்கித் தருகிறேன் என்று கேட்டதற்குக் கத்தியைக்கூடக் கையில் கொடுக்கவில்லை. ஆற்றைப் பார்க்க முடியாதபடி, முகத்தைப் பானைப் பக்கம் திருப்பி உட்கார வைத்தார்கள்.

சங்கோச்சோ வெந்தது. மற்றப் பானைக்காரர்களும் விஷயம் தெரிந்து ஆளுக்கொரு கிண்ணம் கொண்டுவந்து, “சாப்பிடுங்க தம்பி, எல்லாம் சரியாயிடும்” என்று கொடுத்துவிட்டுப் போனார்கள். எவெலியோவின் முன்னால் ஆறு கிண்ணம், ஆறு கோழிக்கால். ஒரு வாய் இறங்கவில்லை. பக்கத்தில் அனிபால் சத்தமில்லாமல் ஒவ்வொன்றாக எடுத்து மூன்று கிண்ணம் காலி செய்தார். நல்ல பசி போலிருக்கிறது.

சாப்பாடு முடிந்ததும் ருபியேலா எழுந்து நின்று ஏற்பாட்டை அறிவித்தாள்.

“இனிமே எவெலியோ ஒரு நிமிஷம்கூடத் தனியா இருக்கக்கூடாது. சாயங்காலம் தினமும் ஒரு வீட்டுக்காரங்க போய் கூட உட்காரணும். ஞாயித்துக்கிழமைன்னா மொத்தப் பேரும் இங்க வர்றோம்.”

“நான் அங்கேயே வந்து தங்கிடறேன்,” என்றாள் மாமியார் சொய்லா. “கூடத்துல ஒரு கட்டில் போட்டாப் போதும். மாப்பிள்ளை உசிரைவிடவா என் வசதி பெருசு?”

எவெலியோ கண்ணை மூடிக்கொண்டார்.

“காலையில அலுவலகம் கொண்டு விடறதும் திருப்பிக் கூட்டிட்டு வர்றதும் யாரு?” என்று கேட்டாள் ருபியேலா.

“நான் பார்த்துக்கறேன்,” என்றார் அனிபால்.

“தினமுமா அண்ணே?”

“தினமும்தான். எனக்கென்ன. காலையில அவங்க வீட்லயே காப்பி குடிச்சிட்டுக் கிளம்பிடறோம்.”

முடிந்தது கதை. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியபோது எவெலியோவிடம் சலிப்பு மட்டும்தான் இருந்தது. குளியலறையில் பத்து நிமிஷமாவது தனியாக இருந்தார். இனி அதற்கும் ஆள் கதவைத் தட்டுவார்கள். ஒரு கல்லுக்கு ஆசைப்பட்டு மொத்த வாழ்க்கையும் பறிபோயிற்று. வாய்விட்டு அழலாம் போலிருந்தது. அழுதால் அதற்கும் ஓர் ஏற்பாடு செய்துவிடுவார்களே என்று அடக்கிக்கொண்டார்.

வெயில் சாய்ந்ததும் எல்லோரும் லாரியில் சாமான் ஏற்றப் போனார்கள். பானையைக் கழுவும் வேலையை அனிபால் வாங்கிக்கொண்டார். காவலர் இருக்கும் இடத்தில்தானே கைதியும் இருக்க வேண்டும். எவெலியோவும் பக்கத்தில் குந்தி, மணலும் சாம்பலும் போட்டு அடிக்கரியைத் தேய்த்தார்.

“அண்ணே, நீங்களாவது நம்புங்க. சத்தியமா நான் அந்தக் கல்லு மேல உட்காரத்தான் வந்தேன். வேற ஒரு எண்ணமும் கிடையாது.”

“தெரியும் தம்பி. பஸ்ஸிலேயே தெரிஞ்சுபோச்சு.”

எவெலியோவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “தெரிஞ்சுமா வாயைத் திறக்கலை? என் ஞாயித்துக்கிழமை போச்சே! திங்கள் செவ்வாய் எல்லாம் போச்சே! மாமியா வேற வந்து உட்காரப் போறா! இவ்வளவு பேரும் ஒண்ணுமில்லாத விஷயத்துக்குக் காவல் காத்திருக்காங்க, நீங்களும் பார்த்துக்கிட்டு இருந்தீங்களே அண்ணே!”

அனிபால் பானையைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தார்.

“அவங்க காவல் காத்ததுல ஒரு குறையும் இல்ல தம்பி,” என்றார். “ஆளைத்தான் மாத்திப் பிடிச்சுட்டாங்க.”