முன்பின் அறியாத நால்வர்

அன்று தோணிரேவுச் சமுதாயக் கூடத்தில் சமுகமளித்திருந்தோர் ஐவர்: ஏரிவாழ் மகளிர் இணையவழிப் பயிற்சித் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் திரு. ஆதிகேசவன், இறால் பிடிக்கும் ராஜாத்தி, ரங்கம்மாள், தேவி, வினோதினி. ஆறாவதாக மேசைமேல் ஒரு மடிக்கணினி. முடிவெடுக்கும் அதிகாரம் அதற்கு மட்டுமே இருந்தது.

இறாலைக் கெடாமல் காக்கும் பயிற்சியைக் கைப்பேசியிலேயே முடிப்போருக்கு ஐஸ் பெட்டி வழங்கப்படும். பயிற்சி தொடங்க நால்வர் கொண்ட குழு வேண்டும். ராஜாத்திக்கு இதில் சிரமம் எதுவும் தெரியவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த நால்வரும் ஒரே வரிசையாக ஏரியில் இறங்கிச் சேற்றைக் கையால் துழாவுகிறவர்கள். ஓர் ஆள் குறைந்தாலும் அந்த இடைவெளியில் இறால் நழுவிவிடும். மூன்று மணிக்குமேல் தண்ணீர் ஏறிவிடுமே என்பது ஒன்றுதான் அவள் கவலை.

“நாங்க நாலு பேரும் ஒரே செட்டு சார். எழுதிக்கோங்க.”

“எழுதுவதற்கில்லை அம்மா. உங்களுக்குள் தொடர்பு இருப்பதற்கே ஆதாரம் இல்லை. ஒருவருக்கொருவர் அனுப்பிய செய்தி, பூஜ்யம்.”

“தண்ணியில எப்டி சார் பேசறது? வாயில பறி கீது.”

பறியாவது, பிடித்த இறாலைப் போடும் ஓலைக்கூடை. கைகளிரண்டும் சேற்றில் இருப்பதால் அதைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். இதைப் பரிவோடு கேட்ட ஆதிகேசவன், ‘உறுப்பினர்கள் பணியிடத்தில் பேசிக்கொள்வதில்லை’ எனப் பதிந்தார். கணினி ஆழ்ந்த வருத்தம் தெரிவித்து, நால்வரையும் பிரித்து ஒத்த ரசனையுடையோருடன் சேர்க்க ஆணையிட்டது.

“உங்கள் பொழுதுபோக்கு?”

“இறால் புடிக்கிறது.”

“அது தொழில்.”

“அப்ப தூங்கறது.”

தூக்கத்தில் ஈடுபாடுடையோர் குழுவில் ராஜாத்தி சேர்க்கப்பட்டாள். ரங்கம்மாளுக்குக் கோலம், தேவிக்குத் தொலைக்காட்சித் தொடர், வினோதினிக்கு, அவள் மீஞ்சூரைத் தாண்டியதில்லை எனினும், உலகப் பயணம்.

“யக்கா, ஆரம்பாக்கத்துலேர்ந்து ஒருத்தி ரோஜாப்பூ அனுப்பிகீறா!” என்று தேவி கைப்பேசியைப் பார்த்துப் பூரித்தாள். “இத்தினி வருசத்துல நீ ஒரு இலையாவது அனுப்பினியா?”

“மணி ரெண்டே முக்கால். எழுந்துருங்கடி.”

“இரு, பதில் போட்டுட்டு வர்றேன்” என்றாள் ரங்கம்மாள்.

“இறாலே புடிக்கலன்னா அந்த ஐஸ் பெட்டியில இன்னாத்த வெப்பீங்க?”

மூவரும் தலை நிமிரவில்லை. அந்த நேரத்தில் ராஜாத்தியின் கைப்பேசி ஒலித்தது: ‘ஆதிகேசவன் உங்களோடு இணைய விரும்புகிறார்.’

அலுவலர்களும் ஏதாவதொரு குழுவில் சேரவேண்டும் என்பது விதி. ஆறு மாதமாக அவருக்கு எவரும் அகப்படவில்லை. இரண்டடி தூரத்தில் நின்றவர் அவள் முகத்தைப் பாராமல் தம் கைப்பேசியையே பார்த்துக் காத்திருந்தார்.

“தூங்குறதுன்னா எனக்கும் உயிர் அம்மா. சரின்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்.”

ராஜாத்தி கைப்பேசியை அவர் மேசைமேல் வைத்தாள். மூலையில் கிடந்த பறியை எடுத்துப் பல்லால் கவ்விக்கொண்டு ஏரியை நோக்கி நடந்தாள்.