பலகைக்குச் சட்டை தைத்த மாஸ்டர்

தையற்கடையில் மாஸ்டர் கத்திரியைக் கையில் எடுத்தால் பேச்சுச் சத்தம் அடங்கிவிடும். பத்துச் சட்டைக்கான துணியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார். சாக்கட்டியால் ஒரு கோடு. அப்புறம் ஒரே இழுப்பு. பத்தும் ஒன்றுபோல விழும். முதலாளியே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால், அதை இன்னும் கொஞ்சம் ஒழுங்காகக் கழற்றியிருக்கலாம் என்பாள் மனைவி. ஆணி அடித்தால் கோணல். பல்பு மாட்டினால் ஆட்டம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில், அவர் செய்த ஒரு வேலையைப் பார்த்து 'சரியா இருக்கு' என்று அவள் வாய் சொன்னதில்லை. அந்த ரெண்டு வார்த்தையைக் கேட்காமலே போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்று மாஸ்டருக்குச் சமீபமாக ஒரு பயம் பிடித்திருந்தது.

அந்த நேரத்தில்தான் அலமாரிப் பேச்சு வந்தது. சமையலறை அலமாரியின் மரத் தட்டுகளில் எண்ணெய்க் கறை ஏறி, முன்விளிம்பெல்லாம் பெயர்ந்து, பல் போன வாய்போல இருந்தது. எதிர்வீட்டு நர்ஸம்மா டீ குடிக்க வந்தவர், தட்டுகளுக்கு ஏதாவது விரிக்கக் கூடாதா என்று கேட்டார். மனைவி ஒரேயடியாக மறுத்தாள். பேப்பர் போட்டால் பூச்சி குடியேறும், பிளாஸ்டிக் போட்டால் அடியில் ஈரம் நிற்கும், வாரம் ஒருதரம் துடைத்தால் ஆயிற்று என்றாள்.

"பலகைக்கு எதுக்குக்கா சட்டை? அப்படியே வேணும்னாலும், இந்த வீட்ல யாரு அளவா வெட்டித் தர்றது?"

கூடத்தில் மாஸ்டரின் கையிலிருந்த பேப்பர் கீழே இறங்கியது.

"நான் இருக்கேன்ல?"

"நீங்க கடையில வெட்டுங்க. அங்க ஒண்ணு போனா வேற துணி இருக்கு. எனக்கு இருக்கறது ஒரே சமையலறைங்க."

இதற்குமேல் ஓர் ஆண்பிள்ளை எப்படிப் பொறுப்பது? அந்த ஞாயிற்றுக்கிழமையே முடித்துக் காட்டுகிறேன் என்று சபதம் செய்தார். அவள் வேண்டாம் வேண்டாம் என்றாள். கேட்க மாட்டேன் என்றார். அப்படியானால் எல்லாச் சாமானையும் அவரே இறக்க வேண்டும், தட்டுகளைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காய வைக்க வேண்டும், மறுபடி அதது இருந்த இடத்தில் அடுக்க வேண்டும் என்று அடுக்கினாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்ததும் அவள் நர்ஸம்மா வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அலமாரிக் கதவைத் திறந்த மாஸ்டர் அசந்துபோனார். இத்தனை வருஷமாக இந்த வீட்டில்தானா சாப்பிட்டோம்? டப்பா, டப்பாவுக்குள் டப்பா, அதற்குள் ரப்பர்பேண்டு. காபித்தூள் என்று எழுதியிருந்ததில் உப்பு. உப்பு என்று எழுதியிருந்ததில் பொத்தான். எதுவுமே எழுதாத பதினெட்டுப் புட்டிகள். மின்சாரம் போன இருட்டில்கூட அவள் ஒரு தடவை தவறான டப்பாவில் கை விட்டதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒரு பெரிய தொழிற்சாலையின் கணக்குவழக்கு முழுக்க ஒருத்தி தலைக்குள் இருந்தால் எப்படி இருக்கும், அப்படி. தரையெல்லாம் புட்டிகளைப் பரப்பிவிட்டு, எது காலில் பட்டு உடையுமோ என்ற கவலையில் பூனைபோல நடந்தார்.

கழுவினார். துடைத்தார். காய வைத்தார். இடுப்பு விட்டுப்போயிற்று. அப்புறம்தான் அவருடைய ராஜ்ஜியம் தொடங்கியது. தட்டுகள் பதினான்கும் ஒரே அளவு. கடையிலிருந்து கொண்டுவந்த நீலப் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பைப் பதினான்கு மடிப்பாக அடுக்கினார். அளந்தார். கோடு போட்டார். ஒரே இழுப்பு. ஆகா.

முதல் விரிப்பைத் தட்டில் போட்டபோதுதான் தெரிந்தது. நாலு பக்கமும் ரெண்டு விரல் அதிகம். முப்பது வருஷப் பழக்கத்தில், மனதைக் கேட்காமலே கை, ஓரம் மடித்துத் தைப்பதற்கென்று கூடுதலாக விட்டிருந்தது. பலகையை யார் தைக்கப் போகிறார்கள்? ஒன்றில் தப்பினால் ஒன்றோடு போகும். அடுக்கி வெட்டியதில் பதினான்கும் போயிற்று. ஒவ்வொன்றாக நறுக்கலாம் என்று கத்திரியைத் தேடும்போது வாசலில் செருப்புச் சத்தம்.

மனைவி வந்து நின்றாள். பார்த்தாள். மாஸ்டர் சுவரைப் பார்த்தார்.

அவள் விரிப்பைத் தட்டின்மேல் நீவினாள். முன்பக்கம் அதிகமிருந்ததைக் கீழே மடித்துவிட்டாள். பெயர்ந்த விளிம்பு மறைந்தது. பக்கங்களிலும் பின்னாலும் அதிகமிருந்ததைச் சுவரோடு ஏற்றி நகத்தால் அழுத்தினாள். எண்ணெய் கொட்டினாலும் மரத்தில் இறங்காது.

"சரியா இருக்கு" என்றாள்.

மாஸ்டர் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டார். காது அடைத்தது. இன்னொரு தரம் சொல்லச் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள், அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள். விரிப்பைக் குத்தி நிறுத்தும் குண்டூசி ஆணிகள்.

"இது எப்ப வாங்கின?"

"போன மாசம்."

"வேணாம் வேணாம்னு சொன்னியே?"

"வேணும்னு சொல்லியிருந்தா செஞ்சிருப்பீங்களா?"

"சரி, ரெண்டு விரல் கூட வேணும்னாவது சொல்லியிருக்கலாம்ல?"

"அளவு சொன்னா கைக்கு யோசனை வந்துடும். சொல்லாம விட்டாத்தான் சரியா ரெண்டு விரல் விடுவீங்க. உங்க கை எனக்குத் தெரியாதா?"

மாஸ்டருக்குக் கோபம் வரவில்லை. மலையடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பவர்போல அவளைப் பார்த்தார். ஊரெல்லாம் துணியை அளந்துகொண்டிருக்க, இவள் ஆளையே அளந்து, கோடு போட்டு வைத்திருக்கிறாள்.

பின்னாலேயே வந்த நர்ஸம்மா அலமாரியைப் பார்த்து வாயைப் பிளந்தார். தன் வீட்டுக்காரர் சோபாவைவிட்டு எழுந்திருப்பதேயில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். மனைவி, மாஸ்டர் காதுபடவே, வழி சொன்னாள்.

"இவர்கிட்ட வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கக்கா."

நர்ஸம்மா மாஸ்டர் பக்கம் திரும்பி, தன் வீட்டுத் தட்டுகளுக்கு விரிப்பெல்லாம் சுத்தமாக ஒத்துவராது என்றார். இது என்ன விளையாட்டு என்று மாஸ்டருக்கு நன்றாகவே தெரிந்தது. வாயைத் திறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"மொத்தம் எத்தனை தட்டு?" என்று கேட்டுவிட்டார்.