பெரியப்பாவைக் கொன்ற ஜாவா புரோகிராம்

கம்ப்யூட்டர் படித்த பெண் வீட்டில் இருந்தால் பெருமை என்பார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பெருமை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வரைக்கும்தான் இருந்தது.

கொச்சி கலூரில் ஜாவா படித்து முடித்த கையோடு, மட்டாஞ்சேரியில் எங்கள் சமூகச் சங்கத்துக்கு ஒரு புரோகிராமைச் சோதித்துக் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தேன். உறுப்பினர் யாராவது இறந்தால் மற்ற எல்லோருக்கும் எஸ்.எம்.எஸ். போக வேண்டும், அவ்வளவுதான். அன்றைக்கு அக்காவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் பாலக்காட்டிலிருந்து வேனில் வந்துகொண்டிருந்தார்கள். என்னைத் தேங்காய் துருவச் சொன்னார் பெரியப்பா. நான் சங்க ஆபீசுக்கு ஓடிவிட்டேன்.

ஜாவாவில் எல்லாமே ஆப்ஜெக்ட். உறுப்பினர் ஒன்று, செய்தி அனுப்புவது இன்னொன்று. சோதிக்கும்போது அந்த இரண்டாவதை எடுத்துவிட்டு, எதையும் அனுப்பாத டம்மி ஒன்றை வைக்க வேண்டும். (வகுப்பில் இதைச் சொன்ன அன்று நான் கடைசி பெஞ்சில் பழம்பொரி தின்றுகொண்டிருந்தேன்.) சாவதற்கு ஓர் உறுப்பினர் தேவை. தேங்காய்க் கோபத்தில் சண்முகம் பெரியப்பாவையே போட்டேன். திரையில் பச்சைக் கோடு வந்தது. சோதனை வெற்றி. பெரியப்பா ஒரு பிழையும் இல்லாமல் இறந்திருந்தார்.

பக்கத்து மேஜையில் சங்கச் செயலாளரின் போன் சிணுங்கியது. எடுத்துப் படித்தவர் நெஞ்சில் கை வைத்தார். "ஐயோ, சண்முகம் போயிட்டாரா?"

டம்மியை வைக்காமலே ஓட்டியிருக்கிறேன்; செய்தி எல்லோருக்கும் போயிருந்தது. மாப்பிள்ளையின் அப்பாவும் சங்க உறுப்பினர். பெரியப்பா போனால் எங்களுக்குத் தீட்டு, நிச்சயதார்த்தம் நின்றுபோகும். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போனவள் அக்கா.

வீட்டுக்கு ஓடினேன். பட்டு வேட்டியில் பெரியப்பா சாயா குடித்துக்கொண்டிருந்தார். அப்பா போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார். "அண்ணன் இங்கதான் இருக்காரு சம்மந்தி, சத்தியமா."

மாப்பிள்ளையின் அம்மா பேசியது கூடம் முழுக்கக் கேட்டது. "காரியம் முடியட்டும்னு சாவை மறைக்கிற ஆளுங்களை நாங்க பாத்திருக்கோம். இடப்பள்ளியில இட்லி சாப்பிட்டுட்டுத் திரும்பிடறோம்."

அக்கா என்னைப் பார்த்தாள். நானே செத்துப்போகலாம் என்றிருந்தது. (உறுப்பினராக இல்லாததால் அதற்கும் வழியில்லை.)

பெரியப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "ஒரு ஓட்டோ விளி மோளே. நானே போய் ஆளைக் காட்டிட்டு வரேன்."

இடப்பள்ளி ஹோட்டலில் இட்லி தாமதமாக வர வேண்டும் என்று ஆட்டோவில் வழி முழுக்க வேண்டிக்கொண்டேன். போய்ச் சேர்ந்தபோது வேன் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. பெரியப்பா ஜன்னல் வழியே கையை உள்ளே நீட்டினார்.

"நுள்ளிப் பாருங்கம்மா."

அந்த அம்மா நிஜமாகவே கிள்ளினார். பெரியப்பா போட்ட அலறலில் டிராபிக் போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார். வேன் மட்டாஞ்சேரிக்கு வந்தது.

அக்காவின் மகன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். எந்த விசேஷம் என்றாலும் பெரியப்பா சட்டைக் கையை மடித்து, சம்பந்தி கிள்ளிய தழும்பு என்று ஒன்றைக் காட்டுகிறார். (அது கொசுக்கடி.) விடைபெறும்போது மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிடுவார்.

"நெஜமா நான் போறப்ப மெசேஜை நீ அனுப்பிடாதே மோளே. ஒருத்தனும் வரமாட்டான்."