ஈ ஓட்டும் பட்டறை

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு மூத்த மாப்பிள்ளை எழுதுவது. உங்கள் மகள் நலம். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, வயிறு மட்டும்தான் எரிகிறது. காரணம் உங்கள் இளைய மாப்பிள்ளை.

ஒரே மனையை நடுவில் சுவர் வைத்து இரண்டு மகள்களுக்கும் சரிபாதியாகக் கொடுத்தீர்கள். ஒரு பாதியில் என் வெல்டிங் பட்டறை, மறுபாதியில் அவனுடைய ஜெராக்ஸ் கடை. சாலையை அகலப்படுத்த இரண்டையும் எடுத்துக்கொள்ளப்போவதாக அரசு அறிவித்தது. விலை குறிக்க வந்த அரசு நிபுணர் காரை விட்டு இறங்கவே இல்லை. கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வெற்று மனை, வியாபாரம் எதுவும் இல்லை" என்று அறிக்கை எழுதிவிட்டார். பத்து வருஷமாக நான் கண்ணைப் புண்ணாக்கிக்கொண்டு பற்றவைத்த இடம் அந்த ஆளுக்கு வெற்று மனை! காருக்குள் குளுகுளு என்று உட்கார்ந்து எழுதினால் நிபுணர் சாட்சியம், உள்ளே வேர்த்தவன் சொன்னால் பேராசை.

இருவரும் கோர்ட்டுக்குப் போனோம். அவன்தான் எங்கள் தரப்புக்கு ஒரு மதிப்பீட்டாளரைப் பிடித்து வந்தான். அந்த மனுஷர் டேப் பிடித்து அளந்தார், பக்கத்து மனைகள் விற்ற பத்திரங்களைத் தேடி எடுத்தார், இரண்டு பாதிக்கும் ஒரே விலை என்று எழுதினார். எல்லாம் சரி. ஆனால் அவன் கடையை ஏழு படம் எடுத்தவர் என் பட்டறையை இரண்டே படம்தான் எடுத்தார் மாமா. அதில் ஒன்றில் நான் கண்ணை மூடியிருக்கிறேன். அந்த எரிச்சல் சாட்சிக் கூண்டு வரைக்கும் என்கூடவே வந்துவிட்டது.

அரசு வக்கீல் என்னிடம், "பக்கத்துக் கடையில வியாபாரமே கிடையாதாமே?"ன்னு கேட்டார். அடக்கிக்க முடியல. "யார் சொன்னது? காலையில ஷட்டரைத் தூக்கினா கூட்டம் என் கேட்டை அடைச்சுக்கிட்டு நிக்குது. விரட்டி விரட்டி என் தொண்டையே போச்சு. மூணு மெஷின் ஓடுது, நாலாவது வேற வாங்கப்போறான்!"னு கொட்டிட்டேன். இவனுக்கு இதுக்கு மேல எதுக்குக் காசுன்னு நீதிபதிக்குப் புரியட்டும்னு நெனச்சேன். அவர் அரசு நிபுணரைத் திரும்பிப் பார்த்தார். நிபுணர் தரையைப் பார்த்தார். "சரி, உங்க பட்டறை எப்படி?"ன்னு நீதிபதி கேட்டார். யார் கேட்டாலும் நான் சொல்ற பதில்தான் வாயில வந்துச்சு: "ஈ ஓட்டிக்கிட்டு இருக்கேங்க ஐயா."

தீர்ப்பில் அவன் பாதிக்குக் கடை மனை விலை, என் பாதிக்கு வெற்று மனை விலை. "உரிமையாளரே வியாபாரம் இல்லை என்னும்போது அவர் தரப்பு மதிப்பீட்டாளர் சொல்வதை எப்படி ஏற்பது?" என்று எழுதியிருக்கிறார்கள். இந்தக் காசில் வேறு எங்கும் ஒரு தகரக் கூரைகூடப் போட முடியாது. என்னிடம் வேலை செய்கிற நாலு பேருக்கு நான் என்ன சொல்ல? நல்லவன் மாதிரி நடித்து என்னைக் கவிழ்த்துவிட்டான். அவனை நீங்கள்தான் கூப்பிட்டுக் கண்டிக்க வேண்டும்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறையட்டும்.

இப்படிக்கு,
சுவருக்கு இந்தப் பக்கத்து மாப்பிள்ளை

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் அவனே வந்துவிட்டான். மேல்முறையீட்டு மனுவை ஜெராக்ஸ் எடுத்துக் கையோடு கொண்டுவந்திருக்கிறான். "நான் சாட்சி சொல்றேண்ணே. அண்ணன் பட்டறையில கூட்டம் தாங்காது, பார்த்துப் பார்த்து என் வயிறு எரியும்னு சொல்றேன்" என்றான். "கோர்ட்டுல பொய் சொல்லக் கூடாதுடா" என்றேன். "பத்து வருஷமா உண்மைதாண்ணே" என்றான். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடுங்கள். அரசு வக்கீல் கையில் சிக்கினால் இதுவும் சாட்சியம். ஒரே ஒரு உதவி: அவன் அதைக் கோர்ட்டில் சொல்வதற்கு முன், நம் வீட்டில் எல்லார் முன்னாலும் ஒரு தடவை சொல்லச் சொல்லுங்கள். முடிந்தால் இரண்டு தடவை.