கோயிலுக்குள் மூன்று ஸ்டேஷன்

“அண்ணே, ரோமாபுரியில ஆறு இருக்கா?” என்று கேட்டார் மரியநாயகம் வாத்தியார்.

வாசகசாலைச் செயலாளர் சின்னையா வெற்றிலை மெல்வதை நிறுத்தினார். “போயிட்டு வந்தவரு நீங்க. என்னையா கேக்குறீங்க?”

பிரிக்பீல்ட்ஸ் வாசகசாலையில் ஆறு மணிக்குச் சொற்பொழிவு. ‘ஐரோப்பாக் கண்டத்தில் அடியேன்’ என்று நோட்டீஸ் அடித்து ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்க ஒட்டியாகிவிட்டது. மிஷன் பள்ளித் தலைமையாசிரியர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்கு மரியநாயகமும் இன்னொருவரும் போட்டி. இன்னொருவர் பி.ஏ.; மரியநாயகம் சீமையைப் பார்த்தவர்.

பார்த்தவர் என்பதில்தான் சிக்கல். கோடை முழுதும் இருபத்திரண்டு ஆசிரியர்கள் கூட்டமாகப் போன கல்விப் பயணம் அது. கணக்கு வாத்தியார் என்பதால் தலை எண்ணும் வேலையை இவரிடம் கொடுத்துவிட்டார்கள். மற்றவர்கள் கூரைச் சித்திரங்களை அண்ணாந்து பார்த்தபோது இவர் தொப்பிகளை எண்ணினார். ஃபுளோரன்ஸில் ஒரே ஒரு தடவை தானும் அண்ணாந்தார். குனிந்தபோது இருபதுதான் இருந்தது. அதன்பிறகு பாரிஸ் வரைக்கும் தலை நிமிரவில்லை. எந்தத் தொப்பியில் எந்தப் பக்கம் கிழிசல் என்று கேளுங்கள், இன்றைக்கும் சொல்வார்.

“ஆறு இருந்தா என்ன, குளம் இருந்தா என்ன? இங்க எவன் பார்த்தான்? அடிச்சு விடுங்க லா,” என்றார் சின்னையா. “உங்களுக்காகத்தான் தலைமை தாங்கத் துரையையே கூப்பிட்டிருக்கேன்.”

“எந்தத் துரை?”

“உங்க பள்ளிக்கூடக் கமிட்டித் தலைவருதான், தோட்டத்துத் துரை. தமிழ் நல்லாவே புரியும். சீமைக்காரரு முன்னாடி சீமையைப் பத்திப் பேசினா ஒரு எடுப்பு இருக்குமில்ல?”

மரியநாயகத்துக்குக் கோட்டுக்குள் வேர்த்தது. நாற்காலியைக் கொடுக்கிற கையும் துரையின் கைதான்.

தண்ணீரைப் பற்றி யாரும் தப்பாகப் பேசிவிட முடியாது என்ற நம்பிக்கையில் மேடையேறி வெனிஸிலிருந்து தொடங்கினார்.

“வெனிஸ் மாநகரில் தெருவெல்லாம் தண்ணீர். வாசலிலேயே படகேறித்தான் கடைக்குப் போக வேண்டும்.”

“இதுக்கா சார் கப்பலேறிப் போனீங்க?” என்றாள் அப்பம் விற்கும் வீரம்மா. “இருபத்தாறாம் வருச வெள்ளத்துல நம்ம தெருவும் அப்படித்தான் கெடந்துச்சு. நான் சம்பான் படகுல போயி அப்பம் வித்தேன்.”

சபை சிரித்தது. துரை சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார்.

வெனிஸ் மூழ்கிவிட்டது. வாத்தியார் அவசரமாகப் பாரிஸுக்கு ஓடி இரும்புக் கோபுரத்தில் ஏறிக்கொண்டார். “அதன் உச்சியில் நின்றால் லண்டன் தெரியும்.”

“நம்ம கிள்ளான் தெரியலையா சார்?” என்றது பின்வரிசை.

துரை எழுதிக்கொண்டார்.

இனிப் பெரிதாக ஏதாவது செய்தாக வேண்டும். “ரோமாபுரியின் பெரிய கோயில் எத்தனை பெரிது தெரியுமா? முழுதும் நடந்து பார்க்க ஒரு ஆளால் ஆகாது. உள்ளேயே ரயில் ஓடுகிறது.”

முன்வரிசையில் அவர் மனைவி மகதலேனா சிலுவை போட்டுக்கொண்டாள்.

பிரிக்பீல்ட்ஸில் எதைப் பற்றி வேண்டுமானாலும் பொய் சொல்லலாம், ரயிலைப் பற்றிச் சொல்லக் கூடாது. என்ஜின் டிரைவர் ஜெயராஜ் எழுந்தார்.

“மீட்டர் கேஜா சார்?”

“ஆ... மீட்டர்தான்.”

“கரி என்ஜின்னா, கோயிலுக்குள்ள புகை எங்க போவும்?”

“சாம்பிராணிப் புகையோடு கலந்துவிடும்.”

“எத்தனை ஸ்டேஷன்?”

“மூன்று. பீடம்தான் ஜங்ஷன்.”

ஜெயராஜ் திருப்தியாக உட்கார்ந்தார். சபை எழுந்து நின்று கைதட்டியது. துரை மட்டும் தலை நிமிராமல் பென்சிலை ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கம் நிரம்பி மூன்றாவது புரண்டதை மரியநாயகம் பார்த்தார். எண்ணுவது பழகிப்போன கண். நாற்காலி பி.ஏ.வுக்குப் போய்விட்டது என்று முடிவு கட்டினார்.

கூட்டம் கலைந்ததும் துரை விரலை ஆட்டினார்.

“வாத்தியார், இங்க வா.” துரை தமிழ் கற்றது கங்காணிகளிடம். ‘நீங்க’ என்ற சொல் அந்தப் பாடத்தில் வரவில்லை.

“துரை மன்னிக்கணும். நான் சொன்னதுல ஒண்ணு ரெண்டு...”

“சத்தம் போடாதே. எட்மாஸ்டர் வேலை ஒனக்குத்தான்.” துரை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நோட்டைப் பிரித்தார். “ஆனா நீ வேகமா பேசிட்டே. விட்டுப்போனதெல்லாம் மெதுவா மறுபடி சொல்லு. சனிக்கிழமை கிளப்புல வெள்ளைக்காரன் அம்புட்டுப் பேரும் இருப்பான், சீமையைப் பத்தி நான் பேசணும்.”

“துரை பேசுறதுக்கு என் பேச்சு எதுக்கு?”

“நான் பொறந்தது இங்க பந்திங் காப்பித் தோட்டத்துலே, சிங்கப்பூரைத் தாண்டினதே இல்லே.”